சந்தனம் வைக்கப்போய்

எனக்குக் கோர்வையாக எழுத வராது, மறதியும் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள். ஆயுத பூஜையன்று எங்கள் திராட்சைக் குளிரறையின் கம்ப்யூட்டருக்குச் சந்தனம் வைக்கையில், அப்டேட் கேட்டு நின்ற பட்டனை அமுக்கிவிட்டேன். அது அணைந்து மறுபடி எரிந்தது. குளிர் மெஷின் நின்றுவிட்டது. உள்ளே ஊர்க்காரர்களின் பழம். பயத்தில் ஒரு மணி நேரம் யாரிடமும் சொல்லவில்லை. கதவைத் தொட்டேன், சில்லிப்பு குறைந்திருந்தது. அந்தக் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்கிற மருமகள் கோம்பை ஊருக்குப் போயிருந்தாள், அவளுக்குப் போன் போட்டேன்.

"அழாதீக அத்தை. கம்ப்யூட்டரோட உள்மூளை, கெர்னல், புதுசா மாறிருச்சு. குளிர் மெஷினை ஓட்டுற சின்ன புரோகிராம், மாட்யூல், வேற கம்பெனிக்காரக எழுதுனது, பழைய கெர்னல்லதேன் ஓடும். அணைச்சுட்டுத் திரும்பப் போடுங்க. வரிவரியா வரும், ரெண்டாவது வரிதேன் பழைய கெர்னல், அதுல நிறுத்தி என்டர் பட்டனை அமுக்குங்க."

அவள் சொன்னபடியே அமுக்கினேன். மெஷின் உறுமியது.

"அப்டேட்டைப் பூட்டி வைக்காதது நாந்தேன், என்னையத் திட்டுங்க" என்று சிரித்தாள்.

பட்டனை அமுக்கியது இப்போது உறுத்துவதில்லை. அந்த ஒரு மணி நேரம் யாரிடமும் சொல்லாமல் மறைத்ததுதான் இன்னும் உறுத்துகிறது. கெர்னல், மாட்யூல் என்று எழுதியது சரிதானா, தெரிந்தவர்கள் பார்த்துத் திருத்துங்கள்.