குப்பையில் முதலிடம் பெற்ற ஊர்

வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வாரம், ஓர் ஊரின் அடுத்த விளைச்சலையே ட்ரெக்டர் பெட்டியில் ஏற்றி அனுப்பிவிடப் பார்த்தேன். இந்தக் கதை எங்கள் அலுவலகத்தில் ஆளுக்காள் கூட்டிக் குறைத்துச் சொல்லப்படுகிறது. புதிதாகச் சேர்ந்திருக்கும் தங்கைமார் சரியானதையே வாசிக்கட்டும் என்று நானே எழுதுகிறேன்.

1. படலையில் நின்று கேட்டது

சண்டை நின்று பாதை திறந்து, சனம் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்வரத் தொடங்கியிருந்த காலம். வவுனியாவில் ஒரு தொண்டு நிறுவனத்தில் எனக்குக் கள உத்தியோகத்தர் வேலை கிடைத்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்தவள் நான் ஒருத்திதான். நியமனக் கடிதத்தைப் பரந்தனுக்குக் கொண்டுபோய்க் காட்டியபோது அப்பா அதைத் தலைகீழாகப் பிடித்தபடி, "என்ர பிள்ளையின்ர பேர் எதில கிடக்கு?" என்று கேட்டார். காட்டினேன். அந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

முதல் வேலை, துப்புரவுத் திட்டத்துக்கான கணக்கெடுப்பு. பூவரசங்குளத்திலிருந்து உள்ளே மூன்று கட்டை தூரம் போனால் நாற்பது வீடுகள் உள்ள ஒரு சிற்றூர். படிவத்தின் முதல் கேள்வி: "வீட்டில் சேரும் குப்பையின் அளவு." அதிக குப்பை உள்ள ஊருக்கு ட்ரெக்டர் அனுப்பப்படும். மிகச் சுத்தமான வீட்டுக்கு ஒரு பிளாஸ்டிக் வாளி பரிசு.

மூன்று நாள் தந்திருந்தார்கள். நான் ஒன்றரை நாளில் முடித்தேன். எப்படியென்றால், சைக்கிளை விட்டு இறங்கவேயில்லை. ஒவ்வொரு வேலிப் படலையிலும் ஒரு காலை நிலத்தில் ஊன்றிக்கொண்டு கேட்டேன்.

"அக்கா, உங்கட வீட்டில குப்பை எவ்வளவு இருக்கும்?"

செல்வமலர் அக்கா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்: "மூண்டு வண்டில். வடிவா எழுது பிள்ளை, மூண்டு."

வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல்: "அவள் புளுகிறாள். ரெண்டும் தேறாது. என்ரையை நாலெண்டு போடு!"

இவ்வளவு ஊத்தையை ஒளிக்காமல் சொல்கிறார்களே, எவ்வளவு நேர்மையான சனம் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசி வீடு ரஞ்சி அக்காவுடையது. கைக்குழந்தையோடு வந்தவர் தலையைக் குனிந்துகொண்டார். "எங்களிட்டக் குப்பை இல்லைப் பிள்ளை. ஒரு கடகம்கூட இல்லை."

நான் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போட்டேன்.

2. சேர் தலையில் கை வைத்தது

எங்கள் பொறுப்பாளரைச் சேர் என்றுதான் கூப்பிடுவோம். நான் கூட்டிப் போட்ட தொகையைப் பார்த்துத் தலையில் கை வைத்தார். "நாப்பது வீட்டில நூறு வண்டில் குப்பையோ? உதுக்குள்ள சனம் எப்பிடி மூச்சு விடுது?"

பார்த்த ஊர்கள் எல்லாவற்றிலும் அதுதான் முதலிடம். அடுத்த கிழமையே ட்ரெக்டர் ஒழுங்காயிற்று. சேர் மத்தியானம் கமராவோடு வந்து படம் எடுப்பார். காலையில் ஏற்றத் தொடங்குவது என் பொறுப்பு. நான் தகுதிகாண் காலத்தில் இருந்தேன். இதைச் சரியாகச் செய்தால் வேலை நிரந்தரமாகும் என்றும் சொன்னார்.

3. ட்ரெக்டர் வந்த காலை

ட்ரெக்டர் ஓட்டி வந்தவர் நஸீர் நானா. அவரும் வயல் செய்கிறவர். செல்வமலர் அக்காவின் மாட்டுக் கொட்டிலுக்குப் பின்னால் இடுப்பளவு உயரத்தில், கிடுகால் மூடிய குவியலைப் பார்த்ததும் என்ஜினை நிறுத்தினார்.

"தங்கச்சி, இதையா ஏத்தச் சொல்றீங்க? இது குப்பை."

"ஓம் நானா, குப்பைதான். ஏத்துங்கோ."

"குப்பை எண்டுதான் நானும் சொல்றேன். ஏத்தினா என்னை வெட்டிப் போடுவாங்க."

செல்வமலர் அக்கா கிட்ட வந்தார். "எங்க பிள்ளை கொண்டு போறாய்?"

"கொட்டத்தான் அக்கா."

"ஆரின்ர வயலில?"

"வயலில இல்லை. ரவுணுக்கு வெளியில, பள்ளத்தில."

அவர் சட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டு, குவியலின் மேல் ஏறி உட்கார்ந்தார். "அப்ப என்னையும் சேத்து ஏத்து."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மாட்டுச் சாணம், சருகு, வைக்கோல், அடுப்புச் சாம்பல் எல்லாம் ஒரு வருடம் கிடந்து உக்கி எருவானது அந்தக் குவியல். காலபோக நெல் விதைப்புக்கு ஒரு மாதம் இருந்தது. பரந்தனில் எங்கள் வயலுக்கும் இதைத்தானே கடகத்தில் அள்ளித் தலையில் சுமந்தேன்! "குப்பை இழுக்க வா பிள்ளை" என்று அம்மா கூப்பிட்ட அதே சொல். படிவத்தில் அச்சடித்திருந்ததால், 'குப்பையைத் தொட்டியில் போடவும்' என்று பள்ளிக்கூடச் சுவரில் எழுதியிருந்த குப்பையாக அதை வாசித்துவிட்டேன்.

அதற்குள் பெண்கள் கூடிவிட்டார்கள். "நாங்கள் நினைச்சம், குப்பை கூட இருக்கிற ஆக்களுக்கு விதைநெல்லுத் தரப்போறியள் எண்டு," என்றார் ஒருவர். "நான் ஒரு வண்டில் கூட்டியும் சொன்னனான்," என்று இன்னொருவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏற்றினால் இந்தச் சனத்தின் வயல் போகும். ஏற்றாவிட்டால் என் வேலை போகும். சேர் வர மூன்று மணித்தியாலம் இருந்தது. சைக்கிளைப் பூவரச மரத்தில் சாத்திவிட்டு, கொப்பியோடு ஒவ்வொரு வீட்டு வளவின் பின்பக்கமும் போனேன்.

4. எறிவது என்ன?

இந்த முறை, "நீங்கள் எதை எறியிறியள்?" என்று கேட்டேன். பெண்கள் யோசித்தார்கள். அரிசி கழுவிய தண்ணீர் மாட்டுக்கு. மீன் கழுவியது முருங்கைக்கு. தேங்காய்ப் பொச்சு அடுப்புக்கு. அதன் சாம்பல் சட்டி மினுக்க. கிழிந்த சாரம் முதலில் பிடிதுணியாகும், பிறகு மாட்டுக்கு நுளம்பு விரட்டும் புகையாகும். பால்மா ரின்னில் விதை, உரப்பையில் வாசல் மறைப்பு.

கடைசியில் அகப்பட்டவை இரண்டுதான்: செத்த டோர்ச் பற்றரிகள், பாதை திறந்த பிறகு கடைகளிலிருந்து வரும் பிளாஸ்டிக் சொப்பின் பைகள். "உதை மண்ணும் தின்னுதில்லை. மாடு தின்னுது, அதுதான் பயம்," என்றார் செல்வமலர் அக்கா. நாற்பது வீட்டிலும் சேர்த்ததில் அரை உரப்பைதான் வந்தது. என் சைக்கிள் கரியரிலேயே கட்டிவிட்டேன்.

சேர் வந்தார். வெறும் பெட்டியோடு நின்ற ட்ரெக்டரையும் என் கரியரையும் மாறி மாறிப் பார்த்தார். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். பிழை என்னுடையது என்றும் சொன்னேன்.

"இப்ப நான் அறிக்கையில என்னத்தை எழுதிறது? அகற்றினதெண்டு காட்ட வேணுமே!"

"அகத்துங்கோவன்," என்றார் செல்வமலர் அக்கா, இன்னும் குவியலில் இருந்தபடி. "மிசின் வந்து நிக்குது. இஞ்சயிருந்து எங்கட வயலுக்கு அகத்துங்கோ. ஆர் மறிச்சது?"

முதலில் சிரித்தவர் நஸீர் நானா. பிறகு சேரும் சிரித்துவிட்டார். பின்னேரம் வரை பெட்டி பெட்டியாகக் குப்பை வயலுக்குப் போனது. நானும் கடகம் எடுத்தேன். "எல்லா வீடுகளிலிருந்தும் குப்பை முற்றாக அகற்றப்பட்டது" என்று சேர் அறிக்கை எழுதினார். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

5. வாளி

ஆனால் நான் போட்ட நட்சத்திரத்தால் பரிசு ஏற்கெனவே முடிவாகியிருந்தது. சிவப்பு வாளியை நீட்டியபோது ரஞ்சி அக்காவின் கண் கலங்கியது. "மாடு இல்லாத வெக்கத்தில சொன்னதுக்கோ பிள்ளை பரிசு தாறாய்?"

செல்வமலர் அக்கா வாளியை வாங்கிக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது அது நிறையக் குப்பை இருந்தது. பிறகு பக்கத்து வீடு, அதற்கடுத்த வீடு. ரஞ்சி அக்காவின் மிளகாய்ப் பாத்தி மூடுமட்டும் வாளி ஊரைச் சுற்றியது. பின்பு ஒருநாள் அதே வாளி நிறையப் பச்சை மிளகாய் எங்கள் அலுவலக மேசைக்கு வந்தது.

இப்போது எங்கள் படிவத்தில் 'குப்பை' இல்லை. 'நீங்கள் எறிவது என்ன?' என்றிருக்கிறது. அதை எழுதியவள் நான். வேலையும் நிரந்தரமாயிற்று. தங்கைமாருக்குச் சொல்வது இவ்வளவுதான்: சைக்கிளை விட்டு இறங்குங்கள். வளவின் பின்பக்கம் பார்க்காமல் பேனையைத் திறக்காதீர்கள்.

அப்பாவிடம் சொன்னபோது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பள்ளிக்கூடத்தில குப்பைக்கு வேற கருத்தோ படிப்பிக்கினம்?"

"ஓம் அப்பா," என்றேன். "ரெண்டு கருத்தும் தெரிஞ்ச ஆள் இந்த வீட்டில நான் ஒராள்தான்."