பெனடிக்ற் வீட்டு மரத்துக்கு முதல் பரிசு

ஒக்ரோபர் மாதத்தை றஜீனா பல்லைக் கடித்துக்கொண்டுதான் கடப்பாள். மரங்கள் மேல் குறை இல்லை. மரங்களைப் பார்க்கக் கிளம்பி வருகிற சனத்தைத்தான் அவளால் பொறுக்க முடிவதில்லை.

தென்லண்டனில் செடி கொடி விற்கிற ஒரு நிலையத்தில் அவள் பத்தொன்பது வருடமாக வேலை செய்கிறாள். ஊர் மன்னார், பேசாலை. வந்த புதிதில் ஒருநாள் விசா விசாரணைக்காகக் குரோய்டனில் வரிசையில் நின்றபோது, தெருவோரத்து மரமொன்று தலை முதல் கால் வரை சிவந்து நிற்பதைக் கண்டு, ஏதோ நோய் பிடித்துவிட்டது என்று பரிதாபப்பட்டவள்தான் அவள். பிறகு பூச்சட்டி கழுவும் வேலைக்குப் போனாள். கழுவிய சட்டிகளில் குத்தியிருந்த அட்டைகளை எழுத்துக் கூட்டி வாசித்தாள். வங்கிக் கடிதம் வந்தால் இன்றைக்கும் மகளிடம்தான் கொடுப்பாள். ஆனால் எந்தச் செடிக்கு என்ன மண், எந்த இலை எந்த வாரத்தில் மஞ்சளாகும், எது சிவக்கும், எது ஏமாற்றும் என்று கேட்டால் மனேச்சரே அவளைத்தான் கூப்பிடுவார்.

ஒக்ரோபர் சனிக்கிழமைகளில் ஆட்கள் கைத்தொலைபேசியில் ஒரு படத்தை நீட்டியபடி வருவார்கள். "இதே சிவப்பு வேணும்." உங்கள் தோட்டத்தில் வெயில் எந்தப் பக்கம் விழும் என்று கேட்டால், சம்பளத்தைக் கேட்டதுபோல் முகத்தைச் சுளிப்பார்கள். அடுத்த கோடையில் காய்ந்த தடி ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் போட்டு, "நீங்கள் தந்தது செத்துப் போச்சு" என்பார்கள். தண்ணீர் ஊற்றினீர்களா என்றால், "லண்டனில மழை பெய்யுதுதானே."

இப்படிப்பட்டவளிடம்தான் பெனடிக்ற் வந்து சேர்ந்தார். இரண்டு பெற்றோல் நிலையங்களின் சொந்தக்காரர். தேவாலயப் பங்கின் தமிழ் மன்றத்துக்குப் பதினோராவது வருடமாகத் தலைவர். ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும்போது அவளை மறித்தார்.

"றஜீனா, இந்த முறை மன்றத்தால ஒரு தோட்டப் போட்டி வைக்கிறம். இலை நிறம் மாறுற நேரம், வெள்ளைக்காரர் எப்பிடி ரசிக்கிறாங்கள். நாங்களும் ரசிக்க வேணும். நீங்கள்தான் நடுவர்."

"நீங்களும் போட்டியில நிக்கிறியளோ அண்ணை?"

"நானும் ஒரு உறுப்பினர்தானே."

மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அத்தனை வருடத்தில், கதிரைகளை எங்கே அடுக்குவது என்பதைத் தவிர, தேவாலய மண்டபத்தில் யாரும் அவளிடம் எதையும் கேட்டதில்லை. சரி என்று தலையாட்டிவிட்டாள்.

அடுத்த சனிக்கிழமை பெனடிக்ற் தன் காரிலேயே அவளை ஏற்றிக்கொண்டு வீடு வீடாகப் போனார்.

முதலாவது கிளின்ரன் வீடு. புல்தரையின் நடுவே இடுப்பளவு உயரத்தில் ஒரு ஜப்பான் மேப்பிள், தீப்பிடித்தது போல நின்றது. கிளின்ரன் அதன் அருகில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "நாலு வருசமா வளர்க்கிறன் அக்கா. பனியில, காத்தில, எவ்வளவு கஷ்டப்பட்டு."

றஜீனா குனிந்து அடியைப் பார்த்தாள். செடி கடைச் சட்டியோடேயே மண்ணுக்குள் இறக்கப்பட்டிருந்தது. கிளையில் கட்டியிருந்த அட்டையைக் கழற்றவும் மறந்துவிட்டான். அட்டையில் இருந்த கையெழுத்து அவளுடையது. வியாழக்கிழமை எழுதியது.

"நல்லா வளர்ந்திருக்கு," என்றாள். "ரெண்டு நாளில இவ்வளவு வளர்த்தியோ, கெட்டிக்காரன்தான்."

இரண்டாவது டொலறஸ் வீடு. டொலறஸ் முன்முற்றம் முழுவதையும் கல் பதித்து மூடிவிட்டு, வாசலின் இரு பக்கமும் செம்மஞ்சள் இலைகளோடு இரண்டு பிளாஸ்ரிக் மரங்களை வைத்திருந்தார். இலைகளுக்குள்ளே மின்விளக்கு வேறு எரிந்தது.

"உண்மையானது எண்டால் ரெண்டு கிழமையில கொட்டிப்போடும்," என்றார் டொலறஸ் பெருமையோடு. "இது ஈஸ்ரர் வரைக்கும் நிக்கும். கழுவினாப் போதும்."

றஜீனா குறிப்புப் புத்தகத்தில் ஒரு சொல் எழுதினாள். என்ன எழுதினீர்கள் என்று பெனடிக்ற் எட்டிப் பார்த்தபோது மூடிவிட்டாள். 'துடைக்கலாம்' என்று எழுதியிருந்தாள்.

கடைசியாகப் பெனடிக்ற்றின் வீடு. குரோய்டன் ட்ராம் பாதையைத் தாண்டி, பெரிய பின்தோட்டத்தோடு இருந்தது. அவள் பக்கக் கதவைத் திறந்துகொண்டு போனாள். போனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

தோட்டத்தின் முடிவில் ஒரு லிக்குவிடாம்பர் மரம். கூரையைவிட இரண்டு மடங்கு உயரம். உச்சியில் கறுப்புக்குக் கிட்டிய ஊதா, அதற்குக் கீழே கடுஞ்சிவப்பு, இடுப்புப் பக்கம் செம்மஞ்சள், வெயில் படாத ஒரு கிளை மட்டும் இன்னும் பச்சை. காற்று அசைக்கும்போது நிறங்கள் ஒன்றுக்குள் ஒன்று போய்வந்தன. இந்த மரத்தின் கன்றுகளை எத்தனையோ பேருக்கு விற்றிருக்கிறாள். வளர்ந்து முடிந்த ஒன்றை இவ்வளவு கிட்ட நின்று பார்த்ததில்லை. கீழே கிடந்த இலையொன்றை எடுத்துக் கசக்கி மூக்கில் வைத்தாள். சாம்பிராணியும் தோடம்பழத் தோலும் கலந்த மாதிரி ஒரு வாசம்.

"எப்பிடி என்ர மேப்பிள்?" என்றார் பெனடிக்ற். "நான் வைச்சது."

அவர் அந்த வீட்டை வாங்கி ஒன்பது வருடம். மரத்துக்கு அறுபது வயதுக்குக் குறையாது. றஜீனா அதைச் சொல்ல வாயெடுத்தபோது அடிமரத்தைச் சுற்றி யாரோ செம்மஞ்சள் வண்ணத்தில் ஒரு வளையம் அடித்திருப்பதைக் கண்டாள்.

"இது என்ன அண்ணை?"

"அதுவோ. வாற வியாழக்கிழமைக்கு அடுத்த வியாழன் வெட்ட வருகினம். பின்னால ஒரு கண்ணாடி அறை கட்டப்போறன். இலை விழுந்து கூரைப் பீலியெல்லாம் அடைச்சு மழைத்தண்ணி போகுதில்லை. போட்டி முடியட்டும் எண்டுதான் விட்டு வைச்சிருக்கிறன்."

அவருடைய மனைவி தேநீர் கொண்டுவந்தார். றஜீனா கோப்பையை வாங்கிப் புல்லில் வைத்துவிட்டு மறுபடியும் உச்சியைப் பார்த்தாள்.

திங்கட்கிழமை இடைவேளையில் கவுன்சிலுக்கு ரெலிபோன் எடுத்து விசாரித்தாள். அந்த மரத்துக்குப் பாதுகாப்பு உத்தரவு எதுவும் இல்லை, சொந்தக்காரர் விரும்பினால் வெட்டலாம் என்று ஒரு பெண் மரியாதையாகச் சொன்னாள். கேட்டுப் பார்ப்போம் என்று பெனடிக்ற்றுக்கும் எடுத்தாள். "மரந்தானே றஜீனா, வேற வாங்கி வைப்பம்," என்று அவர் சிரித்தார்.

பரிசளிப்பு ஞாயிற்றுக்கிழமை. றஜீனா தன் முடிவை இரண்டு பக்கத்தில் எழுதி வைத்திருந்தாள். பரிசுக்குரியவர் எவருமில்லை என்பதில் தொடங்கி, சட்டியோடு நட்டவன், பிளாஸ்ரிக்கைக் கழுவுகிறவர், வெட்டப்போகிற மரத்துக்குப் பரிசு கேட்கிறவர் என்று ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி உரித்திருந்தாள். எழுதும்போது அவளுக்கு மிகவும் சந்தோஷமாக இருந்தது. மண்டபத்தில் ஒலிவாங்கியின் முன்னால் நின்று அந்தத் தாளை விரித்தாள். முன்வரிசையில் கோட்டும் கழுத்துப்பட்டியுமாகப் பெனடிக்ற் உட்கார்ந்திருந்தார். பரிசு வாங்குவதற்காகவே உடுத்திக்கொண்டு வந்த மனிதர். கேடயத்தைப் பார்ப்பதும் சனத்தைப் பார்ப்பதுமாக இருந்தார். அவரையே சிறிது நேரம் பார்த்தாள். பிறகு தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

"முதல் பரிசு பெனடிக்ற் அண்ணை வீட்டு மரத்துக்கு," என்றாள். "இப்பிடி ஒரு மரம் எங்கட ஆக்களின்ர வீடுகளில வேற ஒரு இடத்திலயும் இல்லை. அண்ணை அதைக் கண்ணுக்குள்ள வைச்சுப் பாக்கிறார். வாற வருசமும் எல்லாரும் அங்க போய்ப் பாக்கவேணும், அண்ணை தேத்தண்ணி தருவார்."

ஒவ்வொரு சொல்லும் வாயில் கசந்தது. சனம் கைதட்டியது. பெனடிக்ற் மேடைக்கு ஏறி, கேடயத்தை நெஞ்சோடு அணைத்தபடி, "இந்த மரத்தை நான் என்ர பிள்ளை மாதிரி வளர்த்தனான். இது இனி எங்கட சமூகத்தின்ர மரம்," என்றார். சொல்லும்போது கண் கலங்கிவிட்டது. அவர் பொய் சொல்லவில்லை. அந்த நிமிடத்தில் அவரே அதை நம்பிவிட்டார்.

றஜீனா மேடையிலிருந்து இறங்கி வந்தபோது கிளின்ரன் கதவடியில் நின்றான். "தலைவருக்குத்தான் எண்டு முதலே தெரியும் அக்கா. பிறகேன் எங்கட வீடுகளுக்கு வந்து மினக்கெட்டனீங்கள்?" டொலறஸ் அவளுக்குக் கேட்கவேண்டும் என்றே பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார்: "ஒரு பூச்சட்டி வைக்க இடமில்லாத ஆளை நடுவராப் போட்டால் இப்பிடித்தான்."

அது சுட்டது. கோலியர்ஸ் வுட்டில் இரண்டாம் மாடியில், பல்கனி இல்லாத வீடு அவளுடையது. மற்றவர்களின் தோட்டங்களைத் தெருவில் நின்று பார்ப்பதோடு சரி. மரத்தைக் காப்பாற்றத்தான் அந்தப் பரிசு என்று சொல்லியிருந்தால் இருவரின் வாயும் அடைத்திருக்கும். ஆனால் மாலைக்குள் அது பெனடிக்ற்றின் காதுக்குப் போகும், வியாழக்கிழமை வாள் வரும். தன்னை விலைபோனவள் என்று கிளின்ரன் நினைக்கிறான், சட்டியோடு மரம் நட்ட கிளின்ரன். அதையும் விழுங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.

வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டு ட்ராமில் போனாள். தெருவில் லொறி எதுவும் இல்லை. மரம் வெட்டுகிற சத்தமும் இல்லை. பக்கத்து ஒழுங்கையிலிருந்து வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். பச்சையாக இருந்த கிளையும் இப்போது மஞ்சளாகியிருந்தது. அடிமரத்து வளையத்தை மறைத்துப் பெனடிக்ற் ஒரு அகலமான பட்டு நாடா கட்டியிருந்தார், கலியாணக் காருக்குக் கட்டுவதுபோல. றஜீனாவுக்குச் சிரிப்பு வந்தது. அரைமணி நேரம் அங்கேயே நின்றாள். நாயைக் கூட்டிக்கொண்டு வந்த ஒரு பெண் ஏதாவது தொலைந்துவிட்டதா என்று கேட்டுவிட்டுப் போனாள்.

கண்ணாடி அறை பிறகு வீட்டின் மற்றப் பக்கத்தில் எழும்பியது.

அடுத்த ஒக்ரோபரில் பெனடிக்ற் உண்மையாகவே எல்லோரையும் தேநீருக்கு அழைத்தார். மரத்தைச் சுற்றி நிற விளக்குகள். முன்னால் ஒரு பலகை: 'முதல் பரிசு பெற்ற மேப்பிள்.'

"அண்ணை, இது மேப்பிள் இல்லை," என்றாள் றஜீனா. "மேப்பிளுக்கு இலை சோடி சோடியாய் எதிரெதிர வரும். இதில மாறி மாறி வருது, பாருங்கோ. இது லிக்குவிடாம்பர்."

"அது ஆருக்கு வாயில வரும்? பலகையும் அடிச்சாச்சு." அவர் அடுத்த விருந்தாளியிடம், தான் கன்று நட்ட கதையைச் சொல்லப் போய்விட்டார். இந்த முறை கதையில் உரமும் சேர்ந்திருந்தது.

சனம் மரத்துக்கு முதுகைக் காட்டி நின்று தங்களைப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. ஒருவராவது நிமிர்ந்து உச்சியைப் பார்க்கவில்லை. றஜீனா ஒரு கதிரையை இழுத்து, கூட்டத்துக்கு முதுகும் மரத்துக்கு முகமுமாகப் போட்டு உட்கார்ந்தாள். வெயில் இலைகளுக்கூடாக வந்து அவளுடைய கோப்பையில் விழுந்தது.

"அன்ரி, கொஞ்சம் விலகுவியளோ," என்று ஒரு பெண்பிள்ளை கேட்டாள். "எங்கட படத்துக்குள்ள நீங்கள் வாறியள்."

"நான் மரத்தைப் பாக்கிறன் பிள்ளை," என்றாள் றஜீனா. "நீங்கள் விலகுங்கோ."