கல்வெட்டு அடிக்கிற நிலாந்தி அக்கா

ஊர்காவற்றுறையில் நாங்கள் வேலை செய்யும் கடையில் போட்டோக் கொப்பி என் பாடு, தட்டச்சு நிலாந்தி அக்காவின் பாடு. பதினாறு வருசமாக அக்கா அடிப்பதில் பாதிக்கு மேல் செத்தவர்களின் விபரம்தான். முதலில் மரண அறிவித்தல், பிறகு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கொடுக்கிற, கல்வெட்டு என்கிற நினைவுப் புத்தகம். தீவில் மிச்சம் இருப்பவர்கள் கொஞ்சப் பேர். ஆனால் ஒருவர் செத்தால், கனடா, லண்டன் என்று பெயர்ப் பட்டியல் பக்கக் கணக்கில் நீளும். ஒரு மருமகன் விடுபட்டாலும் சண்டை, அதுவும் எங்கள் கடைக்குத்தான் வரும்.

விரல் மூட்டெல்லாம் வலிக்கத் தொடங்கியதும் அக்கா ஒரு வழி கண்டுபிடித்தார். வேர்ட்டில் எழுத்துப்பிழையைத் தானாகவே திருத்தும் பட்டியல் ஒன்று இருக்கிறது. அதைத் திறந்து, இடப்பக்கப் பெட்டியில் இரண்டு எழுத்தும் வலப்பக்கப் பெட்டியில் முழு வசனமும் போட்டுச் சேர்த்துக்கொண்டார். 'இஅ' என்று அடித்து இடைவெளி விட்டால் 'இறைபதம் அடைந்தார்' என்று வந்து நிற்கும். வீட்டில் ஒருவர் செத்தாலும் அடுத்தவர் செத்தாலும் அதே பெயர்கள்தானே என்று குடும்ப வரிசைகளையும் அப்படியே சேர்த்து வைத்தார். எனக்கு அது பிடிக்கவில்லை. உயிரோடு இருப்பவர்களையும் அடுத்த சாவுக்குத் தயாராக அடுக்கி வைப்பதுபோல இருந்தது.

போன ஆவணியில் சுருவில் கிராமத்துப் பரமலிங்கம் ஐயா, மனைவி அன்னபூரணத்தின் கல்வெட்டுக்காக வந்தார். அக்கா 'சுப' என்று அடித்தார், பிள்ளைகளின் வரிசை வந்தது. ஐயா அச்சுத்தாளில் விரல் வைத்து வாசித்துக்கொண்டு போனவர், ஓரிடத்தில் நின்றுவிட்டார். 'பிரவீனன் (கனடா), காலஞ்சென்ற கோபிசங்கர், நிருஜா (லண்டன்)' என்றிருந்தது.

கோபிசங்கர் சண்டைக் காலத்தில் வன்னிக்குப் போனவன். 2009க்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. தாய் அவன் படத்தைத் தூக்கிக்கொண்டு போகாத அரசாங்கக் கந்தோர் இல்லை.

"இதை ஆர் போட்டது, பிள்ளை?"

"மெசின் போட்டிட்டுது, ஐயா."

"மெசினுக்கு ஆர் சொல்லிக் குடுத்தது?"

இரண்டு வருசத்துக்கு முன் ஐயாவின் தமையன் செத்தபோது, மூத்தவன் பிரவீனன் கனடாவில் இருந்து எழுதி அனுப்பிய வரிசை அது. அந்தப் புத்தகத்தை ஐயா திறந்தே பார்த்திருக்கமாட்டார். அக்கா அதை அப்படியே பட்டியலில் சேர்த்துவிட்டிருந்தார்.

"அவ சாகுமட்டும் அந்தச் சொல்லைச் சொல்லேல்லை. அவவின்ர புத்தகத்தில நான் என்னெண்டு போடுறது?" என்றார் ஐயா.

அக்கா அந்தச் சொல்லை அழித்து, வேறு தாள் எடுத்துக் கொடுத்தார். ஐயா போனபின் பட்டியலைத் திறந்தார். குடும்ப வரிசையை நீக்கிய கையோடு, இடப்பக்கத்தில் 'காலஞ்சென்ற கோபிசங்கர்' என்றும் வலப்பக்கத்தில் 'கோபிசங்கர்' என்றும் புதிதாக ஒன்றைச் சேர்த்தார். வேறொரு கோபிசங்கர் செத்தால் என்ன செய்வதென்று கேட்டேன். அப்போது பார்ப்போம் என்றார், அலுத்துப்போய்.

தையில் பரமலிங்கம் ஐயாவும் போய்விட்டார். பிரவீனன் விபரத்தைக் கையால் எழுதிப் படமெடுத்து அனுப்பினார். அக்கா அதில் இருந்ததை ஒரு எழுத்து விடாமல் அடித்தார். இடைவெளி விட்டதும் கோபிசங்கருக்கு முன்னால் அந்தச் சொல் மறைந்தது. அனுப்பிய மாதிரியைப் பார்த்துவிட்டு பிரவீனன் உடனே அழைத்தார்.

"அக்கா, தம்பியின்ர பேருக்கு முன்னால ஒரு சொல் விடுபட்டிட்டுது."

"நான் அடிச்சனான். மெசின் எடுத்துப்போடுது, தம்பி."

"திருத்த ஏலாதோ?"

"எனக்கு ஏலாது."

"அப்ப விடுங்கோ" என்று வைத்துவிட்டார்.

இருநூறு பிரதி அடித்தேன். காத்திருக்க அந்த வீட்டில் இனி ஒருவரும் இல்லை. தமையனுக்கும் தங்கைக்கும் நடுவில், கோபிசங்கர் வெறும் பெயராக இருந்தான்.