கடைசி வரைக்கும் பாத்தியளா?

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே வரும். துறைமுகத்து கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் வேலை பார்ப்பவனுக்கு அது இல்லாமல் முடியாது. கப்பலில் வந்து இறங்கும் கன்டெய்னரை பைபாஸ் பக்கத்து யார்டில் வைத்து, கஸ்டம்ஸ் அதிகாரி முன்னால் கதவில் இருக்கும் சீல் முத்திரையை வெட்டித் திறந்து, காகிதத்தில் எழுதியிருக்கும் சரக்குதான் உள்ளே இருக்கிறது என்று காட்ட வேண்டியது என் பொறுப்பு. லாரிக்காரரிடம் கத்தி, ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவரிடம் கத்தி, மிச்சத்தை வெயிலிடம் கத்திவிட்டு வீட்டுக்கு வருவேன். வீட்டில் அதெல்லாம் செல்லாது. மனைவி கணக்கு டீச்சர். அவள் ஒரு பார்வை பார்த்தால் என் குரல் தானாக இறங்கிவிடும். மகளுக்குப் பத்து வயது, நான் கத்தினால் சிரிப்பாள்.

அந்த மகள்தான் போன வருஷம் லீவில் ஒரு பழக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். கேம் விளையாடுவது அல்ல, யாரோ கேம் விளையாடுவதைப் பார்ப்பது. மனைவியின் போனைக் கையில் வைத்துக்கொண்டு தரையில் குப்புறப் படுத்து, காலை ஆட்டிக்கொண்டு மணிக்கணக்காகப் பார்ப்பாள். எனக்கு அது விளங்கவே இல்லை.

"ஏளா, எவனோ விளையாடுதான். அத நீ எதுக்குப் பாக்க?"

"நீங்க கிரிக்கெட் பாக்கிய. நீங்களா விளையாடுதிய?"

அடுப்படியிலிருந்து மனைவி சிரித்தது ஹாலுக்குக் கேட்டது. நான் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுக் குளிக்கப் போய்விட்டேன்.

ஆனால் மனைவிக்கும் உள்ளுக்குள் கவலை இருந்தது. பள்ளிக்கூடத்தில் சில பெற்றோர் அவளிடம் வந்து, பிள்ளைகள் இதைப் பார்த்துக் கெட்ட வார்த்தை பேசுகின்றன, ராத்திரி பயந்து அலறுகின்றன என்று சொல்லியிருக்கிறார்கள். "நீங்கதான பொட்டியத் திறந்து பாக்குற ஆளு. இவ பாக்குறதையும் பாத்து, எது ஆகும் எது ஆகாதுன்னு சொல்லுங்க" என்றாள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. இத்தனை வருஷத்தில் வீட்டில் என் தொழிலுக்குக் கிடைத்த முதல் மரியாதை அது.

ஒரு சாயங்காலம் டீயைக் குடித்துவிட்டுச் சேரை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். மகள் முக்கியமாகப் பார்ப்பது இரண்டு பேரை. ஒருத்தி, பேய் பங்களா விளையாட்டு விளையாடும் ஒரு பெண். வீடியோவின் முகப்பிலேயே கறுப்புப் பின்னணி, மண்டை ஓடு, ரத்தச் சிவப்பில் இரண்டு கண். மேலே தலைப்பு, "செத்தோம்டா!" நான் அதைத் திறக்கக்கூட இல்லை. "இந்தச் சனியனையா பாக்க? இன்னையோட சரி!" என்று போட்டேன் ஒரு சத்தம். மகள் அன்றைக்குச் சிரிக்கவில்லை.

இன்னொருவன் பண்ணை விளையாட்டுக்காரன். முகப்பில் கேரட்டும் முயலும், மூலையில் 'குழந்தைகளுக்கு' என்று ஒரு முத்திரை. ஓட்டிப் பார்த்தேன். விதை போடுகிறான், தண்ணீர் ஊற்றுகிறான், கோழிக்குத் தீனி வைக்கிறான். 'செல்லங்களே, செல்லங்களே' என்று தேனாக ஒழுகுகிறது பேச்சு. பத்து நிமிஷம் பார்த்தேன். விட்டால் நானே தூங்கியிருப்பேன். "இது தங்கம். இதப் பாரு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு எழுந்தேன்.

இரண்டு வாரம் வீடு அமைதியாக இருந்தது. அந்த அமைதியை நான் என் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு ஒருநாள் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றினேன். மகள் என்னைப் பார்த்ததும் போனைச் சட்டென்று தரையில் கவிழ்த்து வைத்தாள். அதற்கு முன்னால் அவள் அப்படிச் செய்ததே இல்லை. நான் வேண்டாம் வேண்டாம் என்றாலும், "அப்பா இதப் பாருங்க, இதப் பாருங்க" என்று வேட்டியைப் பிடித்து இழுக்கிற பிள்ளை.

"என்னளா பாத்த?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லன்னா எதுக்குக் கவுத்த?"

நான் குரலை உயர்த்த உயர்த்த அவள் வாயை இறுக்கிக்கொண்டாள். மனைவி ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து போனை எடுத்துப் பார்த்தாள். கேரட்டும் முயலும்.

"நீங்க தங்கம்னு சொன்னதுதான். கடைசி வரைக்கும் பாத்தியளா?"

"பத்து நிமிஷம் பாத்தேன்ல."

"முப்பத்தெட்டு நிமிஷ வீடியோ இது. யார்டுலயும் இப்படித்தான் பாப்பியளோ?"

யார்டில் நான் அப்படிப் பார்ப்பதே இல்லை. வெளிநாட்டிலிருந்து பழைய பேப்பர் என்று பெட்டிகள் வரும். கதவைத் திறந்தால் முதல் வரிசையில் இஸ்திரி போட்டது போலப் பேப்பர் கட்டு அடுக்கியிருப்பான். அதைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் தொலைந்தோம். நாலாவது வரிசைக்குப் பின்னால் அழுக்குப் பிளாஸ்டிக்கும் அறுந்த செருப்பும் நாறி மூக்கைத் துளைக்கும். ஆகவே கடைசிக் கட்டு வரைக்கும் இறக்கச் சொல்லி நிற்பவன் நான். லோடுமேன்கள் எல்லாரும், "அண்ணாச்சி வந்தா இன்னைக்கு வீடு போய்ச் சேந்த மாதிரிதான்" என்று திட்டுவார்கள். ஊரார் சரக்குக்கு அவ்வளவு பார்க்கிறவன், பெற்ற பிள்ளைக்கு முதல் வரிசையோடு கையெழுத்துப் போட்டுவிட்டேன். வெட்கமாகப் போய்விட்டது.

உட்கார்ந்து முழுசாகப் பார்த்தேன். அரைமணி நேரம் கோழியும் கேரட்டும்தான். கடைசியில் அந்தத் தேன்குரல் இன்னும் தாழ்ந்தது. செல்லங்களே, உங்களுக்கு ஒரு பரிசு வைத்திருக்கிறேன், வீட்டுப் போன் நம்பரைக் கீழே எழுதுங்கள், அப்பா அம்மாவிடம் சொல்ல வேண்டாம், இது நமக்குள்ளே ரகசியம் என்றான். அடப்பாவி! போனை விட்டெறியக் கை ஓங்கிவிட்டேன். மனைவி பிடுங்கிக்கொண்டாள்.

"நம்பர் எழுதுனியாளா?" என்று கேட்டேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"பாதி எழுதுனேன். பயமா இருந்துச்சு. அழிச்சிட்டேன்."

"எங்ககிட்ட சொல்லிருக்கலாம்ல?"

மகள் அம்மாவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "நீங்க பாக்காமலே திட்டுதிய. அந்தப் பேய் பங்களா அக்காவ அப்படித்தான திட்டுனிய."

அறைந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. அந்தப் பண்ணைக்காரன் போனால் போகிறான், அவனை மாதிரி இன்னும் ஆயிரம் பேர் வருவார்கள். நான் யார்டில் நிற்கும்போது, இவள் அம்மா வகுப்பில் நிற்கும்போது, இவள் தனியாக எதையாவது பார்த்துப் பயந்தால் என்னிடம் சொல்வாளா, போனைக் கவிழ்த்துக்கொள்வாளா? என் கவலையெல்லாம் அது ஒன்றுதான். சொல்ல மாட்டாள் என்று அன்றைக்குத் தெரிந்துபோனது.

"தப்புதான், ஏளா. இனிமே பாக்காம திட்ட மாட்டேன்" என்றேன். மனைவி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். நான் தப்பு என்று சொல்லி அவள் கேட்டதில்லை. அம்மாவும் மகளுமாகச் சேர்ந்து புகார் பொத்தானை அழுத்தி, பண்ணைக்காரனை இனி வராதபடி அடைத்தார்கள்.

மறு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சீலா மீன் குழம்புச் சோற்றைத் தின்றுவிட்டு, மகளும் நானும் பேய் பங்களாவுக்குள் நுழைந்தோம். அவள் ஜன்னலைச் சாத்தினாள். "இருட்டா இருந்தாத்தான் நல்லாருக்கும்" என்றாள். சரி, பத்து வயசுப் பிள்ளை பார்ப்பது, நமக்கென்ன என்று நானும் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தேன்.

மண்டை ஓட்டு முகப்புக்குப் பின்னால் இருந்த பெண் ஒரு பயந்தாங்கொள்ளி. ஒவ்வொரு கதவைத் திறப்பதற்கு முன்னாலும் எல்லா சாமியையும் கூப்பிடுகிறாள். நடுவில் அவளுடைய அம்மா சாப்பிடக் கூப்பிட, "இரும்மா, பேய் வருது" என்கிறாள். "பயமா இருக்கிற பிள்ளைங்க நிறுத்திட்டு லைட்ட போட்டு அம்மாகிட்ட போய் உக்காருங்க, கோழைன்னு எவனும் சொல்ல மாட்டான்" என்கிறாள். எனக்கு அவளைப் பிடித்துப்போய்விட்டது. அந்த நேரம் பார்த்து அலமாரிக்குப் பின்னாலிருந்து ஒன்று வந்தது பாருங்கள்!

"ஐயோ அம்மா!"

கத்தியது நான்தான். சேரோடு பின்னால் சரிந்து சுவரில் முட்டினேன். மனைவி கரண்டியும் கையுமாக ஓடிவந்தாள். மகள் தரையில் உருண்டு உருண்டு சிரிக்கிறாள், மூச்சுக்கூட விடவில்லை. பிறகு எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "பயப்படாதீங்கப்பா, அது நிசமில்ல. லைட்டப் போடட்டா?" என்றாள். யார்டில் எத்தனை பேரை மிரட்டினவன்! மனைவிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது சிரித்துச் சிரித்து. வீடே அதிர்ந்த அந்த மத்தியானத்துக்கு நான் எது வேண்டுமானாலும் கொடுப்பேன்.

அந்த அக்கா பாஸ். ஆனால் அவளுடைய எல்லா வீடியோவும் பாஸ் இல்லை. ஒன்றில் கூட விளையாட வந்த ஒருவன் வாயைத் திறந்தால் சாக்கடை. அதைப் பாதியில் நிறுத்தி, "இது ஆகாது" என்றேன். மகள் முறைத்தாள். "கடைசி வரைக்கும் பாத்துட்டுச் சொல்லுங்க" என்றாள். பார்த்தேன், வேறு வழி? கடைசி வரைக்கும் சாக்கடைதான். அரைமணி நேரம் மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்தவள், வாழைக்காய் பஜ்ஜி வந்ததும் மறந்துவிட்டாள்.

இந்தக் கதை யார்டு வரைக்கும் போய், இப்போது லோடுமேன்கள் மதியச் சாப்பாட்டில் போனை நீட்டுகிறார்கள். "அண்ணாச்சி, எம்மவன் இதத்தான் பாக்கான். ஆகுமா?" என்று கேட்பார்கள். "ஏலே, நான் பாத்து என்ன செய்ய? அவன் பக்கத்துல நீ உக்காந்து பாரு. கடைசில என்ன கேக்கான்னு பாரு. நிறுத்துன பொறவு உம் மவன் சிரிக்கானா, முழிக்கானா, அதையும் பாரு" என்பேன். ஒருவன் நாலு நாள் கழித்து வந்து, கார் ஓட்டும் விளையாட்டில் தன் மகனைவிடத் தனக்குத்தான் வெறி பிடித்துவிட்டது என்று ஒப்புக்கொண்டான்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை. முந்திரிக்கொட்டைப் பெட்டி ஒன்றைத் திறந்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்தோம். அதிகாரி நிழலில் நிற்கிறார், ஃபோர்க்லிஃப்ட் அலறுகிறது, நான் அதைவிட அதிகமாக அலறுகிறேன். போன் அடித்தது. மனைவி நம்பர், பேசியது மகள்.

"அப்பா, புதுசா ஒரு வீடியோ வந்துச்சு. ஓவியப் போட்டியாம், போட்டோ அனுப்பணுமாம். வீட்டுல சொல்லாதன்னு சொல்லுதான்."

"சரி?"

"அதான் ஒங்ககிட்ட சொல்லுதேன்."

எனக்கு அவ்வளவு சந்தோஷம். "நிறுத்தி வை தாயி, இந்தா வாரேன்" என்று சொல்லிவிட்டு அப்படியே நின்றேன். லோடுமேன்கள் மூட்டையும் தோளுமாக என்னைப் பார்க்கிறார்கள். நான் கத்தாமல் நின்றதுதான் அவர்களுக்கு அதிசயம்போல.

அதிகாரி பக்கத்தில் வந்து, "என்ன அண்ணாச்சி, ஏதாவது விசேஷமா?" என்று கேட்டார்.

"எம்மவ போன் போட்டா சார்" என்றேன்.