மஃரிபுக்குப் பிறகு மின்னிய கண்

என் மனைவி ஸுஹைறா ஆட்களின் கண்ணைப் பார்த்துத்தான் கதைப்பாள். கலியாணம் பேசப் போன அன்று என்னையும் அப்படித்தான் பார்த்தாள். வெட்கங்கெட்டவள் என்று எங்கள் சாச்சி முணுமுணுத்தார். ஸுஹைறா சாய்ந்தமருதுக்காரி. பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ப் பிள்ளைகளுக்குக் கண்ணைப் பற்றிச் சொல்லிக்கொடுப்பது அவள் வேலை. பஸ் போகாத இடங்களுக்கு மோட்டர்சைக்கிளில் ஏற்றிப்போவது நான்.

அன்று சாகாமத்துக்கும் அப்பால், காட்டோரத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடம். ஜன்னல்களைச் சாத்திவிட்டு, ஒருவர் கண்ணில் மற்றவர் டோர்ச் அடித்துப் பார்க்கும் விளையாட்டைக் காட்டினாள்.

"கறுப்பா இரிக்கிற கண்மணி வெள்ளையா மின்னினா உடன வந்து எனக்கிட்ட செல்லணும், சரியா?"

ஒரு சிறுமி எழும்பினாள். "மிஸ், பக்கத்து ஊட்டு றிபாட கண் பூனைட கண் மாதிரி மின்னும். அவட உம்மா ராவையில வெளக்கே கொளுத்த மாட்டா."

றிபாவின் தாய் சபூறா, பிள்ளைகளோடு வயல்வாடியிலிருந்து திரும்பும்வரை காத்திருந்து போனோம். பொழுதுபட்டு மஃரிபு பாங்கும் ஓய்ந்திருந்தது. மற்ற வீடுகளில் வெளிச்சம். அந்த வீடு மட்டும் கிணறு மாதிரி இருண்டு கிடந்தது. இருட்டுக்குள் ஒரு பிள்ளை மெதுவாகச் சிரித்தது. கொஞ்சம் பிந்தி, தரையோரமாக இன்னொரு சிரிப்பு. நான் ஸுஹைறாவுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன். ஜின்னாவது பேயாவது என்று வாய்கிழியப் பேசுகிறவன்தான் நான், பகலில்.

ஸுஹைறா டோர்ச்சை எடுத்ததும் சபூறா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேணாம் மிஸ்! அது எண்ட புள்ளைட பார்வ இல்ல, ஜின்ட பார்வ. வெளிச்சம் பட்டா புள்ளையக் கொண்டு போயிரும். இருட்டுல வச்சா தானா எறங்கிரும் எண்டு ஓதிப் பாத்தவர் செல்லியிரிக்கார்."

ஸுஹைறா சிரிக்கவில்லை. இருட்டிலேயே தரையில் உட்கார்ந்தாள். "தங்கச்சி, ஜின் இரிக்கி எண்டு நானும் நம்புறன். ஆனா இது கட்டி போலதான் தெரியுது. கண்ணுக்குள்ள வளரும். மூளைக்குப் போனா மவுத்துதான். இப்ப டொக்டருக்கிட்ட காட்டினா கண் போனாலும் புள்ள மிஞ்சுவா."

"கண்ணத் தோண்டக் குடுக்கவா செல்றீங்க? எழும்பிப் போங்க!"

வெளியே வந்ததும் ஸுஹைறா அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது குறைவு. நாங்கள் போய்விட்டோமா என்று பார்க்கச் சபூறா மோட்டர்சைக்கிளருகே வந்து நின்றாள். ஸ்டார்ட் செய்தேன். முன்விளக்கு நேரே வாசலுக்குள் விழுந்தது.

பாயில் இரண்டு பிள்ளைகளும் வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். றிபாவின் ஒரு கண் வெள்ளையாக மின்னியது. தவழும் வயதுத் தம்பிக்கு இரண்டு கண்ணும் மின்னின.

பயத்தில் நான் ஓதத் தொடங்கிய ஆயத்துல் குர்ஸி பாதியில் மறந்துபோனது. தம்பி பிறந்ததிலிருந்து இந்த வீட்டில் பொழுதுபட்டு விளக்கே எரிந்ததில்லை. மகனின் கண்ணைச் சபூறா இப்படிக் கண்டதே இல்லை.

"மிஸ்," என்றாள், வாசலை விட்டுப் பார்வையை எடுக்காமல். "இந்த மோட்டர்சைக்கிள்ல எத்தின பேர் ஏறலாம்?"