ஆடுகள் முதலில் ஏறிய பஸ்

ஆமாம், ஆட்டைத்தான் முதலில் ஏற்றினாள். அதை நான் எங்கே இல்லையென்றேன்? எங்கள் தெரு முழுக்க மூட்டை முடிச்சோடு மழையில் நின்றுகொண்டிருக்க, வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து ஆடுகள் அரசாங்க பஸ்ஸில் ஏறிப் போனதை நானும் பார்த்தேன். ஆனால் அதற்கு மேல் அஞ்சுகம் சேர்த்துச் சொல்கிறாளே, பிறந்த வீட்டுப் பாசத்தில் புகுந்த வீட்டைப் புயலுக்குக் கொடுத்துவிட்டாள் என்று, அங்கேதான் என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. இப்போது அதோடும் நிற்கவில்லை. ஏனாத்துக்கு மாற்றல் என்பதெல்லாம் பொய்யாம், முகத்தைக் காட்ட முடியாமல் ஓடிவிட்டாளாம். தண்ணீர்க் குழாயடியில் என் காது படவே சொல்கிறார்கள்.

நீலாயதாட்சி என் மருமகள். எனக்கு எழுதத் தெரியாது. அவள் பெற்ற மகள் இளவேனில் எழுதுகிறாள், நான் சொல்கிறேன். அஞ்சுகம் என் ஓரகத்தி, அடுத்த வீடு. அவளும் யாரையாவது படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்ளட்டும்.

எங்கள் ஊர் பட்டினச்சேரிக்குத் தெற்கே, வாய்க்கால் கரையில் இருக்கிறது. வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் புதுச்சேரி அரசாங்கத்துக் காரைக்கால், அந்தப் பக்கம் தமிழ்நாட்டு நாகப்பட்டினம் மாவட்டம். பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் வளர்ந்த என் மாமியார் சாகும்வரை அதை இங்கிலீஷ் எல்லை என்றுதான் சொன்னார். நடுவில் ஒரு நடைபாலம். பெண் கொடுப்பது, எடுப்பது, சாவுக்குப் போவது, சண்டைக்குப் போவது எல்லாம் அதன் வழியாகத்தான். நீலாயதாட்சி அந்தப் பக்கத்துப் பெண், நாகப்பட்டினத்து அம்மன் பெயரைத்தான் அவளுக்கு வைத்திருந்தார்கள். கல்யாணத்தன்று பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கழுத்து மாலையோடு, என் மகன் கலைவாணனுக்கு முன்னால் அந்தப் பாலத்தில் விறுவிறுவென்று நடந்து வந்தாள். அவன் வேட்டி தடுக்காமல் பார்த்துப் பார்த்துப் பின்னால் வந்தான். பொண்ணு மாப்பிள்ளையை அழைச்சுக்கிட்டு வருது என்று தெருவே சிரித்தது. அதிகம் சிரித்தவள் அவள்தான்.

அந்தச் சிரிப்பு இந்த வீட்டில் எத்தனை காலம் இருந்தது! மத்திமீன் குழம்பு வைத்தால் அடுப்படியிலிருந்தே தெருவுக்குக் குரல் கொடுப்பாள், சின்னத்தை கிண்ணம் எடுத்துக்கிட்டு வாங்க என்று. அந்தச் சின்னத்தை இந்த அஞ்சுகம்தான். எத்தனை கிண்ணம் வாங்கித் தின்றிருப்பாள். நாற்று நடவுக்குப் போனால் இவள் இருக்கிற வரிசையில்தான் எல்லாப் பெண்களும் நிற்கப் பார்ப்பார்கள். பாட்டு வராது அவளுக்கு. ஆனால் ஊரில் உள்ள ஒவ்வொருவர் மாதிரியும் பேசிக் காட்டுவாள். என்னை மாதிரியும் பேசுவாள். நான் திட்டினால் அதையும் உடனே பேசிக் காட்டுவாள்.

கலைவாணன் வருவாய்த் துறை அலுவலகத்தில் கடைநிலை ஊழியன். மஞ்சள் காமாலையில் போய்விட்டான். அந்த வேலையைக் கருணை அடிப்படையில் இவளுக்குக் கொடுத்தார்கள். அதன் பிறகு அவள் ஆள் பேச்சுப் பேசிக் காட்டி நான் கேட்டதில்லை. ஆனால் மழைக்காலம் வந்து, கொம்யூன் பஞ்சாயத்து ஜீப்பில் மைக்கைக் கையில் கொடுத்து ஊர் ஊராக அனுப்பினார்களே, அப்போது பழைய குரல் திரும்பி வந்தது. மற்றவர்கள் மைக்கில் பொதுமக்கள் என்பார்கள். இவள் ஆளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவாள். "சின்ன மாமா, டிவியை அப்புறம் பாத்துக்கலாம், சட்டையைப் போட்டுக்கிட்டுக் கெளம்புங்க." அந்தச் சின்ன மாமா அஞ்சுகத்தின் வீட்டுக்காரர் சோமசேகரன். ஊரே அவர் வாசலைத் திரும்பிப் பார்க்கும். அவர் வெட்கப்பட்டே கிளம்பிவிடுவார்.

நான் குமரியாக இருந்தபோது அடித்த புயலுக்கு எங்களை எந்த அரசாங்கமும் கூப்பிடவில்லை. தலையாரி ஒருத்தர் வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனார், மிச்சம் எங்கள் பாடு. அரிசி மில்லில் போய் ஒண்டினோம். போக முடியாதவர்களை அப்புறம் வயலில் தேடினோம். அதனால் என் மருமகள் அரசாங்க மைக்கில் என் தெருவைக் கூப்பிட்டுக்கொண்டு வரும்போது எனக்கு எப்படி இருக்கும்? வாசலில் நின்று கேட்டுக்கொண்டே இருப்பேன். அவள் என்னைத்தான் கடைசியில் கூப்பிடுவாள்.

இனி அந்தப் பக்கத்துக்காரர்கள் சங்கதியைச் சொல்ல வேண்டும். பாதிப் பேரிடம் இரண்டு குடும்ப அட்டை உண்டு, அங்கே ஒன்று, இங்கே உறவுக்காரர் விலாசத்தில் ஒன்று. பொங்கலுக்கு இரண்டு அரசாங்கத்துக் கரும்பும் வீட்டுக்கு வரும். எங்கள் தெருவும் யோக்கியம் இல்லை, அதையும் எழுதிக்கொள்ளட்டும். இரண்டு மாமியார் வீடு உள்ள மாப்பிள்ளை மாதிரி எல்லாரும் நன்றாகத்தான் இருந்தோம். ஆனால் புயல் சமயத்தில் அவர்கள் ஒரு வேலை செய்வார்கள். அந்த அரசாங்கம் கூப்பிட வந்தால், நாங்கள் காரைக்கால் முகாமுக்குப் போகிறோம், அங்கேயும் எங்களுக்கு அட்டை இருக்கிறது என்பார்கள். இந்த அரசாங்கம் பாலத்தடியில் நின்று கூப்பிட்டால், எங்களுக்கு நாகப்பட்டினத்து பஸ் வருகிறது என்பார்கள். இரண்டு பேரும் நம்பிக்கொண்டு போய்விடுவார்கள். இவர்கள் வீட்டிலேயே இருப்பார்கள். எல்லாம் ஆட்டுக்காகத்தான். முகாமில் ஆட்டைச் சேர்க்க மாட்டார்கள். விட்டுவிட்டுப் போனால் திரும்பும்போது பட்டி காலியாக இருக்கும்.

அந்தப் புயலுக்கும் அப்படித்தான் செய்தார்கள். அதற்கு ஏதோ பெயர் வைத்தார்கள், என் வாயில் நுழையவில்லை. நீலாயதாட்சி அந்த ஊரில் பிறந்தவள், அவளிடம் இந்த வித்தை பலிக்குமா? அந்த மாவட்டத்து அலுவலகத்துக்குப் போன் போட்டாள். அவங்க உங்க கிட்ட வர்றதா சொன்னாங்களேம்மா என்றார்கள். அதற்குள் அவர்கள் பக்கத்துச் சாலைமேல் தண்ணீர் ஏறிவிட்டது, வண்டி இனி வராது. இவள் தன் அதிகாரிக்குப் போன் போட்டாள். அவர் நல்ல மனிதர்தான். நம்ம எல்லையில் இருக்கிறவங்களை முதலில் பாரும்மா, அது அவங்க பொறுப்பு என்றார். எங்கள் தெருவுக்கு இருந்தது ஒரே பஸ். அந்தக் கரை எங்கள் கரையைவிடப் பள்ளம். உடைந்தால் அங்கேதான் முதலில் உடையும்.

பஸ்ஸைப் பாலத்தடியில் நிறுத்தச் சொல்லிவிட்டு அவள் அந்தப் பக்கம் போனாள். அங்கே அவள் அண்ணன் மருதையன், பட்டி வாசலில் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"வா அண்ணே."

"போன தடவையும் இப்படித்தான் கூப்பிட்டே. புயல் ஒண்ணும் வரல. எனக்கு ரெண்டு ஆடு போனதுதான் மிச்சம். உங்க அரசாங்கம் குடுத்துச்சா, எங்க அரசாங்கம் குடுத்துச்சா?"

அவள் கிடாவின் கயிற்றை அவிழ்த்துப் பிடித்துக்கொண்டு பாலத்தில் நடந்தாள். கிடா நடந்தால் மற்றவை நிற்குமா? ஒன்றன்பின் ஒன்றாகப் பாலத்தில் ஏறின. பக்கத்துப் பட்டி ஆடுகளும் சேர்ந்துகொண்டன. அதற்குப் பின்னால் ஆட்டுக்காரர்கள், அவர்களுக்குப் பின்னால் பெண்டு பிள்ளைகள், எல்லாரும் அவளைத் திட்டிக்கொண்டே ஓடி வந்தார்கள். அவள் நேரே கொண்டுபோய்க் கிடாவை பஸ் படிக்கட்டில் ஏற்றினாள்.

"ஏம்மா, இது பஸ்ஸா, பட்டியா?" என்றார் டிரைவர்.

"டிக்கெட் போட்டுடுங்க அண்ணே."

அவர் சிரித்துவிட்டார். நாங்கள் சிரிக்கவில்லை. என் கையில் ஒரு மூட்டை, இடுப்பில் ஒரு குடம். பஸ் நிறைந்துகொண்டே போனது. நான் ஜன்னலோரம் போய், எங்களை எப்போது ஏற்றுவாய் என்று கேட்டேன்.

"அடுத்த நடை, அத்தை. எல்லாரும் கோயில் மண்டபத்துல இருங்க. நீங்க கடைசியா ஏறுங்க."

தன் மாமியாரைக் கடைசி என்றவள் எந்த வீட்டுப் பாசத்தைக் காட்டினாள்? இதைச் சொன்னால் அஞ்சுகம் அதையும் திருப்பிவிடுவாள். பாத்தியாக்கா, உன்னையே சாகட்டும்னு விட்டுட்டா என்பாள். அவளோடு யார் பேசி ஜெயிப்பது.

போன பஸ் திரும்பவில்லை. சாலையில் ஒரு தூங்குமூஞ்சி மரம் விழுந்து அடைத்துக்கொண்டது. மண்டபத்தில் நாங்கள் ஒருத்தர் மேல் ஒருத்தராக உட்கார்ந்திருந்தோம். காற்று எங்கிருந்தோ ஒரு ஆஸ்பெஸ்டாஸ் தகட்டைத் தூக்கிக்கொண்டு வந்தது. சோமசேகரன் ஓரத்தில் இருந்தார், கையை நீட்டித் தடுத்தார். அந்தக் கை இன்றைக்கும் மடங்கவில்லை, மண்வெட்டி பிடிக்க முடியவில்லை. அதற்கு அஞ்சுகம் பேசினால் நான் ஒன்றும் சொல்ல முடியாது. பேசட்டும்.

நீலாயதாட்சி முகாம் போட்டிருந்த பள்ளிக்கூடத்திலேயே இருந்திருக்கலாம். மரம் விழுந்துவிட்டது, நான் என்ன செய்வேன் என்றால் யார் கேட்கப்போகிறார்கள்? விழுந்த மரத்தில் ஏறி இறங்கி, அந்தக் காற்றில் நடந்தே வந்தாள். மண்டபத்து வாசலில் நின்று, மைக் இல்லாமலே ஒவ்வொருவராகப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். ஒருத்தர் கையை ஒருத்தர் பிடித்துக்கொண்டு மரம் வரைக்கும் நடந்தோம். மரத்துக்கு அந்தப் பக்கம் பஸ் நின்றது. நான் கடைசியாக ஏறினேன். உள்ளே ஆட்டுப் புழுக்கை. அதன் மேலேயே உட்கார்ந்தேன்.

பொழுது சாயும்போது அந்தக் கரை உடைந்தது. மருதையன் வீட்டில் ஓட்டுக்கூரை மட்டும்தான் வெளியே தெரிந்ததாம். ஒரு உயிர் போகவில்லை. போகாததால்தான் பேச்சு. நாலு பேர் போயிருந்தால் இவளைக் கும்பிட்டிருப்பார்கள்.

தண்ணீர் வடிந்ததும் அஞ்சுகம் அலுவலகத்தில் போய்ப் புகார் சொன்னாள். விசாரணை வைத்தார்கள். நம் எல்லை ஆட்களை நிறுத்திவிட்டு அடுத்த மாநிலத்து ஆட்களையும் ஆடுகளையும் ஏற்றியது ஏன் என்று கேள்வி. அதிகாரி அவளைத் தனியாகக் கூப்பிட்டு, ஒரு வழி சொன்னாராம். அவங்ககிட்ட நம்ம அட்டை இருக்கு, அதனால நம்ம ஆளுங்கன்னு தப்பா நெனச்சு ஏத்திட்டேன்னு சொல்லிடு, வேலைக்கு ஒரு குறையும் வராது. அப்படிச் சொன்னால் இவள் தப்பிப்பாள். ஆனால் அந்தத் தெருவில் எல்லார் அட்டையையும் பிடித்து எடுத்துக்கொள்வார்கள்.

ஆட்டுக்காரர்களே வந்து உண்மையைச் சொல்வார்கள் என்று காத்திருந்தேன். மருதையன் வந்தான், என் வாசல்வரைக்கும். நாங்க வந்து நின்னா எந்த ஊர்னு கேப்பாங்களே அத்தை, என்னன்னு சொல்றது என்றான். உள்ளே இருந்து அவள் குரல் வந்தது.

"அண்ணன ஆபீஸுக்கு வர வேண்டாம்னு சொல்லுங்க. சாப்பிட்டுப் போகச் சொல்லுங்க."

அவன் சாப்பிடாமல் போனான். அன்றிரவு நான் அவளைக் கெஞ்சினேன். ஒரு வார்த்தைதானே, தெரியாமல் நடந்தது என்று சொல்லிவிடேன், என் மகன் உயிர் போய்க் கிடைத்த வேலையடி என்றேன். அவள் இளவேனிலுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள், கை நிற்கவில்லை. மறுநாள் அலுவலகத்தில் அவள் சொன்னதை அவளே வந்து சொன்னாள்:

"தெரிஞ்சுதான் ஏத்தினேன் சார்னு சொல்லிட்டேன் அத்தை. அது அவங்க பொறுப்புதான். ஆனா அவங்க அங்க இல்ல, நான் இருந்தேன். பஸ்ஸும் என்கிட்ட இருந்துச்சு."

வேலை போகவில்லை. ஏனாத்துக்குப் போ என்றார்கள். அதுவும் நம் புதுச்சேரி அரசாங்கம்தானாம். ஆனால் பேச்செல்லாம் தெலுங்கு, ரயிலில் போய்க்கொண்டே இருக்க வேண்டுமாம். இளவேனிலுக்குக் கல்லூரி இங்கே. அதனால் நானும் அவளும் இங்கே.

போன அன்றைக்குக் காலையில் மத்திமீன் குழம்பு வைத்தாள். எப்போதும்போல் அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள். அஞ்சுகம் கிண்ணத்தோடு வரவில்லை. ஆனால் தன் வாசலில் நின்றுகொண்டு, என் வீட்டைப் பார்க்காமல் கேட்டாள்:

"ஏனாத்துலயும் புயல் வருமாமே?"

"வரும் சின்னத்தை. ஆடும் இருக்கும்."

அஞ்சுகம் உள்ளே போய்விட்டாள். அவள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்தியது சிரிப்பையா வேறெதையாவதா, எனக்குத் தெரியாது. சோமசேகரன் வந்தார். நல்ல கையால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குக் கிளம்பி நின்றார்.

அவள் மகளைக் கட்டிக்கொண்டாள். என் காலில் விழுந்து எழுந்தாள். எனக்குத் திட்ட வேண்டும்போல் இருந்தது. தெரியாத ஊர், தெரியாத பேச்சு, எங்களை எப்போதடி வந்து அழைத்துக்கொண்டு போவாய் என்று கேட்டேன். அவள் அப்படியே என்னை மாதிரிக் குரலை இழுத்து, நான் கேட்டதைத் திருப்பிச் சொல்லிக் காட்டினாள். மகன் போனதற்குப் பிறகு அன்றைக்குத்தான் அதைக் கேட்டேன். அப்புறம் தன் குரலில் சொன்னாள்:

"அடுத்த நடை, அத்தை. நீங்க கடைசியா ஏறுங்க."

சொல்லிவிட்டுப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, சோமசேகரனுக்கு முந்திக்கொண்டு, விறுவிறுவென்று வாசல்படி இறங்கிப் போனாள்.