பில்லில் ஏறாத முந்நூறு ரூபாய்

ஒரகடத்தில் கம்பெனி வேலை செய்கிறேன். போன மாதம் படப்பையில் பதினைந்தாயிரம் ரூபாய்க்கு வாஷிங் மெஷின் வாங்கினேன். கிரெடிட் கார்டைத் தேய்த்த பிறகு மெசேஜைப் பார்த்தால், முந்நூறு ரூபாய் அதிகம் போயிருந்தது.

"இன்னாப்பா இது?"

"கார்டுன்னா ரெண்டு பர்சென்ட்க்கா. பேங்க்காரன் எங்ககிட்ட புடிக்கிறான்ல?" என்றார் கடைக்காரர்.

பில்லில் பதினைந்தாயிரம்தான் இருந்தது. ஷிஃப்டுக்கு நேரமானதால் கிளம்பிவிட்டேன்.

மெஷின் ஓடவே இல்லை. திருப்பிக் கொடுத்தபோது அந்த முந்நூறையும் கேட்டேன்.

"பில்லுல இன்னா கீதோ அதான்க்கா வரும்."

ஒரு நாள் ஓவர்டைம் காசு போய்விட்டது.

இப்போதெல்லாம் கார்டை நீட்டும் முன்பே கேட்டுவிடுகிறேன். கூடுதல் என்றால், "அதையும் பில்லுல எழுதிக் குடு" என்கிறேன். போன வாரம் மிக்ஸி வாங்கிய கடையில் அப்படிச் சொன்னதும், "வுடுக்கா, வேணாம்" என்று விலையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். எழுதத் துணியாத காசை எங்களிடம் எதற்குக் கேட்கிறார்கள்?